ஸ்பிரிங் பூட், ஆங்குலர் ரெண்டையும் விட்டுட்டு ஜாங்கோவுக்கு மாறலாமா?

கேள்வி இதுதான். மூணு பேர் டீம், ஒரு மொத்த வியாபாரிக்கு ஆர்டர், ஸ்டாக், பில்லிங் பாக்குற ஆப், பின்னாடி சர்வர்ல ஜாவா ஸ்பிரிங் பூட், முன்னாடி பிரவுசர் ஸ்கிரீனுக்கு ஆங்குலர், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். கஸ்டமர் ஃபார்ம்ல ஒரு ஃபீல்டு சேக்கணும்னா ரெண்டு நாள் ஆகுது, இருந்த ஒரே ஆங்குலர் பையனும் பேப்பர் போட்டுட்டான், அதனால பைத்தானுக்கு மாறிடலாமா, மாறினா பைத்தான்ல வெப் ஆப் கட்டற ஃப்ரேம்வொர்க்ல ஜாங்கோவா ஃபிளாஸ்க்கா, மொத்தத்தையும் புதுசா எழுத எத்தன மாசம் ஆகும்னு கேட்டிருக்கீங்க.

மாறலாம். ஜாங்கோவுக்கே மாறுங்க. ஆனா மொத்தத்தையும் புதுசா எழுதறேன்னு மட்டும் உக்காராதீங்க, டேட்டாபேஸ்லயும் கை வைக்காதீங்க. நான் 2006ல ஸ்ட்ரட்ஸ்ங்கற பழைய ஜாவா ஃப்ரேம்வொர்க்ல ஆரம்பிச்சவன், அப்புறம் ஸ்பிரிங், ஹைபர்நேட்னு பத்து வருஷத்துக்கு மேல ஜாவாவுலதான் சோறு, இப்போ எட்டு வருஷமா ஜாங்கோ. ரெண்டு பக்கமும் அடி வாங்கினவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த ரெண்டு நாள் எங்க போகுதுன்னு பாப்போம். கஸ்டமருக்கு ஜிஎஸ்டி நம்பர்னு ஒரு ஃபீல்டு சேக்கணும்னு வைங்க. டேட்டாபேஸ் டேபிள மாத்த ஒரு ஃப்ளைவே ஸ்கிரிப்ட், அந்த டேபிளுக்கு ஜோடியான என்டிட்டி கிளாஸ்ல ஒரு வரி, ஸ்கிரீனுக்கு டேட்டாவ அனுப்பற டிடிஓ கிளாஸ்ல அதே வரி, ரெண்டுக்கும் நடுவுல மேப்பர்ல ஒண்ணு, சர்வீஸ்ல அப்டேட் பண்ற மெத்தட்ல ஒண்ணு, இதுவரைக்கும் ஜாவா. அந்தப் பக்கம் போனா டைப்ஸ்கிரிப்ட் இன்டர்ஃபேஸ்ல ஒண்ணு, ரியாக்டிவ் ஃபார்ம்ல ஒரு கன்ட்ரோல், டெம்ப்ளேட்ல இன்புட் பாக்ஸ், அது தப்பா இருந்தா காட்டுற மெசேஜ், லிஸ்ட் டேபிள்ல ஒரு நெடுவரிசை. எண்ணிப் பாருங்க, பத்து எடம். இதுல ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்துங்கற ஒரே ஒரு சமாச்சாரம் நாலு எடத்துல எழுதியிருக்கும், டேட்டாபேஸ்ல, என்டிட்டில, டிடிஓல, ஆங்குலர் வேலிடேட்டர்ல. நாளைக்கு யாராவது வந்து மூணு எடத்துல மாத்திட்டு நாலாவத மறப்பான், அன்னைக்கு சாயங்காலம் கவுன்ட்டர்ல இருக்கறவர் போன் பண்ணுவார், சேவ் ஆக மாட்டேங்குதுன்னு.

ஜாங்கோல என்ன ஆகும்? மாடல் கிளாஸ்ல ஒரு வரி எழுதறீங்க, அதுலயே அதிகபட்சம் 15னு போடறீங்க. மேக்மைக்ரேஷன்ஸ்னு ஒரு கமாண்ட், அது நீங்க மாத்தினத பாத்து, டேபிள மாத்தற மைக்ரேஷன் ஃபைல தானே எழுதிக்கும், மைக்ரேட்னு இன்னொரு கமாண்ட், டேபிள்ல ஏறிடும். மாடல் ஃபார்ம்ல ஃபீல்டு பேர சேத்தா ஸ்கிரீன்ல பாக்ஸ் வரும், நீளம் செக் பண்றதும் எர்ரர் மெசேஜும் மாடல்ல இருந்தே வந்துடும். லிஸ்ட் பேஜ்ல ஒரு நெடுவரிசை. மூணு எடம், டெஸ்ட்டோட சேத்து அரை மணி நேரம்.

இப்போ ஒண்ண கவனிங்க, இதுல ஜாவா பைத்தான்ங்கற வித்தியாசத்துக்கு பங்கு ரொம்ப கம்மி. பத்து மூணா ஆனதுல பாதி, ஆங்குலர்னு தனியா ஒரு ஆப் இல்லாததால. மீதியில பெரும்பகுதி, மாடல்ல ஒரு தடவ சொன்னத ஃபார்மும் மைக்ரேஷனும் தானே எடுத்துக்கறதால. செமிகோலன் போச்சு, கெட்டர் செட்டர் போச்சுங்கறதெல்லாம் கடைசியா வர்ற லாபம். எனக்கு எளிமைன்னா ஒரே சமாச்சாரத்த எத்தன எடத்துல திருப்பித் திருப்பி சொல்ல வேண்டியிருக்குங்கறதுதான் கணக்கு. அதனாலதான் பைத்தான் கத்துக்க நேரமே இல்ல, மேனேஜ்மென்ட் ஒத்துக்காதுன்னா, ஜாவாவுலயே இருந்துக்கிட்டு ஆங்குலர மட்டும் தூக்கிட்டு சர்வர்லயே பேஜ் தயார் பண்ற தைம்லீஃப் டெம்ப்ளேட்டுக்குப் போங்கன்னுதான் சொல்லுவேன், பாதி வலி அங்கயே தீந்துடும். இத யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா ரெஸ்யூமேல போட்டா பழசா தெரியும்.

ஒரு பழைய கதை. ஸ்பிரிங்கே எளிமைக்காக வந்த ஆளுதான். அதுக்கு முன்னாடி ஜாவாவுல இஜேபிங்கற முறையோட ரெண்டாம் வெர்ஷன் காலத்துல ஒரு பீன், அதாவது ஒரு வேலைக்கான கிளாஸ், எழுதணும்னா ஹோம் இன்டர்ஃபேஸ், ரிமோட் இன்டர்ஃபேஸ், பீன் கிளாஸ், அப்புறம் எக்ஸ்எம்எல் டிஸ்கிரிப்டர்னு ஒரு கல்யாண சீர்வரிசையே வைக்கணும். இவ்ளோ தேவையான்னு ஸ்பிரிங்க உருவாக்கின ராட் ஜான்சன் கேட்டாரு, 2004ல ஸ்பிரிங் 1.0 வந்துச்சு, எல்லாரும் அப்பாடான்னு மூச்சு விட்டாங்க. அப்புறம் ஸ்பிரிங்குக்கே எக்ஸ்எம்எல் முழ நீளத்துக்கு வளந்து, அத எளிமையாக்க 2014ல ஸ்பிரிங் பூட் வந்துச்சு. ஜாங்கோவும் நாளைக்கு இப்படி ஆகலாம், அதுக்கும் இப்பவே வயசு இருபது தாண்டிடுச்சு.

ஜாங்கோ ஏன் உங்க மாதிரி ஆப்புக்கு இவ்ளோ பொருந்துதுன்னா அது பொறந்த எடம் அப்படி. அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல லாரன்ஸ்னு ஒரு ஊர், அங்க லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டுன்னு ஒரு உள்ளூர் பேப்பர். 2003ல அங்க வேல பாத்த ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் பிஎச்பில எழுதி எழுதி சலிச்சுப் போய் பைத்தானுக்கு மாறினாங்க, அதாவது நீங்க இப்போ கேக்குற இதே கேள்விய அவங்களும் கேட்டவங்கதான். நியூஸ்ரூம்ல எடிட்டர் வந்து இன்னைக்கு ராத்திரிக்குள்ள வேணும்பாரு, செய்தி ஏத்துறது ரிப்போர்ட்டர், அவருக்கு கோடிங் தெரியாது. அதனால டேபிள் இருந்தா போதும், சேக்க, மாத்த, தேட எல்லாத்துக்கும் ஸ்கிரீன் தானே வரணும்னு அட்மின் பகுதிய ஃப்ரேம்வொர்க் உள்ளயே கட்டினாங்க. 2005 ஜூலைல வெளில விட்டாங்க, ஜாங்கோ ரைன்ஹார்ட்ங்கற ஜாஸ் கிட்டார் கலைஞர் பேர வச்சு. உங்க ஆப்ல விலைப் பட்டியல், வரி விகிதம், டிரைவர் பேர், குடோன் பேர்னு இருக்கற மாஸ்டர் ஸ்கிரீன் எல்லாம் பாதிக்கு மேல அந்த அட்மின்லயே முடிஞ்சுடும், அதுக்குன்னு ஒரு பேஜ் கூட எழுத வேண்டாம். ஒரு எச்சரிக்கை, அட்மின் ஆபீஸ் ஆளுங்களுக்கு மட்டும்தான், கஸ்டமர் கையில குடுக்கற ஸ்கிரீனா அத மாத்தப் பாக்காதீங்க, நான் பாத்தேன், தனியா ஸ்கிரீன் எழுதறத விட அதிக வேல வாங்குச்சு.

ஃபிளாஸ்க் ஏன் வேண்டாங்கறேன்னா, அது சின்னது, எளிமையானதுன்னு அர்த்தம் இல்ல. 2010ல அர்மின் ரோனகர் ஏப்ரல் ஃபூல் ஜோக்கா ஒரே ஃபைல்ல ஒரு ஃப்ரேம்வொர்க்னு சும்மா விட்டாரு, ஜனங்க அத நிஜமாவே கொண்டாடவும்தான் ஃபிளாஸ்க் வந்துச்சு. நல்ல ஆயுதம், நானும் சின்னச் சின்ன ஏபிஐக்கு வச்சிருக்கேன். ஆனா உங்களுக்கு லாகின் வேணும், ஃபார்ம் வேணும், டேபிள கிளாஸ் மாதிரி கையாள விடற ஓஆர்எம், மைக்ரேஷன், பர்மிஷன், அட்மின் எல்லாம் வேணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு லைப்ரரி தேடி ஒட்டி, அதுங்க வெர்ஷன் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுதான்னு பாத்து, ஆறு மாசத்துல நீங்களே ஒரு அரைகுறை ஜாங்கோ கட்டியிருப்பீங்க, அதுக்கு டாகுமென்டேஷனும் இருக்காது. மூணு பேர் டீமுக்கு முடிவெடுக்க வேண்டிய விஷயம் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது. பிஎச்பியோட லாராவெல், ரூபியோட ரெயில்ஸ் ரெண்டும் இதே குணம்தான், உங்கள்ல யாருக்காவது பிஎச்பி நல்லா வரும்னா லாராவெல் போங்க, சண்டையே இல்ல. இங்க புதுசா வேலைக்கு எடுக்கற பசங்க ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ்லயே பைத்தான் படிச்சுட்டு வர்றாங்க, அதுவும் ஒரு காரணம்.

சரி, மொத்தத்தையும் புதுசா எழுதறது. இதுக்கு ரெண்டு நிஜக் கதை. ரெட்டிட் சைட் 2005 ஜூன்ல காமன் லிஸ்ப்ங்கற மொழிலதான் ஆரம்பிச்சுது. அதே வருஷம் டிசம்பர்ல பைத்தானுக்கு மாத்திட்டாங்க, ஆரன் ஸ்வார்ட்ஸ் எழுதின வெப் டாட் பைங்கற குட்டி ஃப்ரேம்வொர்க்ல. லிஸ்ப் மோசம்னு அவங்க சொல்லல, தேவையான லைப்ரரி ரெடியா கிடைக்கலங்கறதுதான் பெரிய வலி. சட்டுனு முடிஞ்சுது, ஏன்னா சைட்டுக்கு வயசு ஆறு மாசம். இன்னொண்ணு சிடி பேபி, பாட்டுக்காரங்க தங்களோட சிடிய தாங்களே விக்கிற கடை. டெரெக் சிவர்ஸ் அத பிஎச்பில நடத்திக்கிட்டிருந்தவரு, 2005ல எல்லாத்தையும் ரெயில்ஸ்ல புதுசா எழுதறேன்னு நல்ல ஒரு ரெயில்ஸ் புரோகிராமரையும் சேத்துக்கிட்டு எறங்கினாரு. ரெண்டு வருஷம் ஓடிச்சு, முடியல. தூக்கிப் போட்டுட்டு பழைய பிஎச்பிலயே ரெண்டு மாசத்துல புதுசா எழுதி முடிச்சு 2007ல அத வெளிப்படையா எழுதினாரு. ரெயில்ஸ்ல கத்துக்கிட்ட ஒழுங்குதான் பிஎச்பி கோட நல்லாக்குச்சுன்னும் சொன்னாரு. உங்க ஆப்புக்கு எத்தன வயசுன்னு நீங்க எழுதல, ஆனா பில்லிங் ஓடுதுன்னாலே நீங்க ரெட்டிட் பக்கம் இல்ல, சிடி பேபி பக்கம்.

அதனால பக்கத்துல நட்டு வளக்கற வழிதான். பனைமரத்து மேல பறவை எச்சத்துல ஆலம்விதை விழுந்து மொளச்சு, வேர் கீழ எறங்கி, கொஞ்ச வருஷத்துல உள்ள பனை இருந்ததே தெரியாம ஆலமரமா நிக்கும், ஊர்ப்பக்கம் பாத்திருப்பீங்க. சாஃப்ட்வேர் புத்தகங்கள் எழுதின மார்ட்டின் ஃபௌலர் ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து காட்டுல இதே சாதி அத்திமரத்த பாத்துட்டு வந்துதான் 2004ல இந்த முறைக்கு ஸ்டிராங்ளர், அதாவது நெரிக்கிறவன்னு பேர் வச்சாரு. வேல எப்படின்னா, முன்னாடி நிக்கிற என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர்ல ரிப்போர்ட்ஸ்னு ஆரம்பிக்கிற பாதை எல்லாம் புது ஜாங்கோவுக்கு, மத்ததெல்லாம் பழைய ஸ்பிரிங்குக்குன்னு பிரிச்சு விடறீங்க, டேட்டாபேஸ் ரெண்டுக்கும் ஒண்ணே. ரிப்போர்ட்ட முதல்ல எடுக்கச் சொல்றேன், ஏன்னா அது படிக்க மட்டும்தான் செய்யும், தப்பா வந்தாலும் எந்த ரெக்கார்டும் கெடாது.

இருக்கற டேபிள்ல இருந்து மாடல் எழுத இன்ஸ்பெக்ட்டிபின்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஓட்டினா எல்லா டேபிளுக்கும் கிளாஸ் எழுதிக் குடுக்கும், மேனேஜ்ட் ஃபால்ஸ்னு போட்டே குடுக்கும், அதாவது ஜாங்கோ அந்த டேபிளோட அமைப்ப மாத்தாது. அப்படியே விடுங்க. பழைய ஜாவா கோடு ஒரு டேபிள தொட்டுக்கிட்டு இருக்கற வரைக்கும் அதுக்கு ஃப்ளைவேதான் எஜமான், அது தொடறத நிறுத்தின அன்னைக்கு ஜாங்கோ கைக்கு மாத்துங்க. ரெண்டு நெடுவரிசை சேத்து பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் அடையாளம், வச்ச டேபிள் இருந்தா ஜாங்கோ 5.2 எடுங்க, 2025ல வந்த அந்த வெர்ஷன்லதான் அதுக்கு ஆதரவு வந்துச்சு, அது எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவு வெர்ஷன் வேற, மூணு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும்.

இன்ஸ்பெக்ட்டிபி சொல்லாத ஒரு விஷயத்துல நான் மாட்டினேன். ஜாவாவுல ஆர்டர் ஸ்டேட்டஸ்னு ஒரு ஈனம் (enum, முன்னாடியே வரையறுத்த மதிப்புகளோட பட்டியல்) இருந்துச்சு, வந்தது, பேக்கிங், டிஸ்பாட்ச், டெலிவரி. ஜாவா டேட்டாபேஸோட பேசற ஜேபிஏல நீங்க எதுவும் சொல்லலன்னா ஈனம டேட்டாபேஸ்ல வரிசை எண்ணாத்தான் போடும், அதுவும் 0ல இருந்து. டேபிள பாத்தா வெறும் 0, 1, 2, 3, அர்த்தம் எல்லாம் ஜாவா ஃபைல்ல. நான் பைத்தான்ல அதே வரிசையில எழுதினேன், ஆனா கை பழக்கத்துல 1ல இருந்து ஆரம்பிச்சுட்டேன். டெஸ்ட் பாஸ், ஏன்னா டெஸ்ட் டேட்டாவையும் நான்தான் அதே தப்போட போட்டேன். காலைல குடோன்ல இருந்து போன், "சார், நேத்து லாரி ஏத்தி விட்ட சரக்கெல்லாம் இன்னும் பேக்கிங்லயே இருக்குதுன்னு காட்டுது, புது ஆர்டர்ல ஸ்டேட்டஸ் எடத்துல வெறும் முட்டை இருக்குது"ன்னு. பழைய ரிப்போர்ட் பக்கத்துலயே உசுரோட இருந்ததால என்ஜின்எக்ஸ்ல ஒரு வரி மாத்தி பழசுக்கே திருப்பி விட்டுட்டு சாவகாசமா சரி பண்ணினேன். மொத்தமா மாத்தியிருந்தா அன்னைக்கு என் கதை கந்தல்.

லாகின் விஷயம் நிறைய பேருக்கு பயம், எல்லாரையும் பாஸ்வேர்டு மாத்தச் சொல்லணுமோன்னு. வேண்டாம். உங்க ஸ்பிரிங் செக்யூரிட்டி பாஸ்வேர்ட பிகிரிப்ட்ங்கற முறையில ஹாஷா, அதாவது திருப்பிப் படிக்க முடியாத எழுத்தா மாத்தி வச்சிருந்தா, ஜாங்கோவுக்கு கொண்டு வரும்போது ஒவ்வொரு ஹாஷ் முன்னாடியும் பிகிரிப்ட்னு இங்கிலீஷ் சின்ன எழுத்துல (bcrypt) எழுதி ஒரு டாலர் குறி போடுங்க, செட்டிங்ஸ்ல பாஸ்வேர்டு ஹாஷர் லிஸ்ட்ல வெறும் பிகிரிப்ட் ஹாஷர கடைசில சேருங்க. அவங்க பழைய பாஸ்வேர்டுலயே உள்ள வருவாங்க, வந்த உடனே ஜாங்கோ தன்னோட முதல் ஹாஷர்ல புதுசா எழுதி வச்சுக்கும். ரெண்டு ஆப்பும் ஒண்ணா ஓடற காலத்துல செஷன, அதாவது லாகின் பண்ணின நிலைய, பங்கு போடறதுதான் நச்சு வேல. நாங்க போடவே இல்ல, ஆபீஸ்ல இருந்தவங்க கொஞ்ச மாசம் ரெண்டு தடவ லாகின் பண்ணினாங்க, திட்டினாங்க, அவ்ளோதான்.

இழப்பையும் சொல்லணும்ல. ஓட்டறதுக்கு முன்னாடியே தப்ப பிடிக்கற கம்பைலர் போயிடும். கஸ்டமர் ஆப்ஜெக்ட்ல ஜிஎஸ்டி நம்பர்ங்கற பேர்ல ரெண்டு எழுத்த மாத்தி அடிச்சு மதிப்ப வச்சு சேவ் பண்ணினா, பைத்தான் அந்த தப்பான பேர்லயே புதுசா ஒண்ண ஒட்டிக்கும், எர்ரர் இல்ல, சேவ் ஆச்சுன்னு வரும், டேபிள்ல ஒண்ணும் இருக்காது. ஜாவாவுல இது கம்பைலே ஆகாது, எடிட்டர்லயே செவப்பா கோடு விழும். முதல் ஆறு மாசம் இதுல நிறைய நேரம் போச்சு எனக்கு. அதனால டைப் ஹின்ட்ஸும் அத செக் பண்ற மைபையும் முதல் நாள்ல இருந்தே போடுங்க, காசு, ஸ்டாக் தொடற எடத்துக்கெல்லாம் டெஸ்ட் கட்டாயம்.

வேகம் பத்தி யாராவது பயமுறுத்துவாங்க. பைத்தான் ஜாவாவ விட மெதுவுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா உங்க மாதிரி ஆப்ல நேரம் போறது டேட்டாபேஸ்ல. 2012 ஏப்ரல்ல ஃபேஸ்புக் நூறு கோடி டாலர் குடுத்து இன்ஸ்டாகிராம வாங்குறப்போ அங்க வேல பாத்தது 13 பேர், ஓடினது ஜாங்கோவுல. உங்க மொத்த வியாபாரிக்கு அத விட ட்ராஃபிக் வந்தா எனக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுங்க. நிஜமா மெதுவாகறது வேற காரணத்தால. லிஸ்ட் பேஜ்ல 200 ஆர்டர் காட்டறீங்க, லூப் உள்ள ஒவ்வொரு ஆர்டருக்கும் கஸ்டமர் பேரக் கேக்கறீங்க, ஓஆர்எம் சத்தம் காட்டாம ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவ டேட்டாபேஸுக்கு ஓடும், மொத்தம் 201 குவரி. செலக்ட் ரிலேட்டட்னு ஒரு வார்த்தை சேத்தா ஒரே குவரி. ஜாவாவோட ஓஆர்எம்மான ஹைபர்நேட்லயும் இதே கூத்து உண்டுங்கறதால உங்களுக்கு இது பழகின எதிரிதான், டீபக் டூல்பார போட்டு வச்சா பேஜ் ஓரத்துலயே எத்தன குவரின்னு காட்டிடும்.

ஸ்கிரீன்ல டைப் பண்ணப் பண்ண ஐட்டம் தேடறது மாதிரி எடத்துக்கு எச்டிஎம்எக்ஸ்ங்கற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி போதும், ஒரு ஸ்கிரிப்ட் டேக், பில்டு ஸ்டெப்பே இல்ல. ஆப்ப துண்டு துண்டா பிரிக்கற மைக்ரோசர்வீஸ், பின்னணி வேலைக்கான செலரி, ரெடிஸ் எதையும் இப்போ தொடாதீங்க, ராத்திரி ஓட வேண்டிய வேலைக்கு ஒரு மேனேஜ்மென்ட் கமாண்ட் எழுதி, சொன்ன நேரத்துல ஓட்டற கிரான்ல போட்டா முடிஞ்சுது. ஆனா விற்பனை ஆளுங்க நெட் இல்லாத எடத்துல டேப்லெட்ல ஆர்டர் எடுக்கணும்ங்கற மாதிரி தேவை இருந்தா அந்த ஒரு பகுதிக்கு ஆங்குலர் மாதிரி ஏதோ ஒண்ணு கண்டிப்பா வேணும், அத மட்டும் விட்டு வைங்க.

எத்தன மாசம்னு கேட்டீங்க. ரிப்போர்ட்டுக்கு ஒரு மாசம், மாஸ்டர் ஸ்கிரீனுக்கு அதுல பாதி, ஆர்டர், ஸ்டாக் ரெண்டுக்கும் சேத்து நாலஞ்சு மாசம், பில்லிங் கடைசில, அதையும் மார்ச் ஏப்ரல்ல வேண்டாம், வருஷக் கணக்கு முடியட்டும். எங்களுக்கு இத விட கூடவே ஆச்சு, நடுவுல வர்ற புதுத் தேவைய யாரும் நிறுத்தி வைக்க மாட்டாங்கல்ல.

அந்தப் பையன் நோட்டீஸ் பீரியட்ல இருக்கான்னா இன்னைக்கே அவன்கிட்ட புது ஃபீச்சர் எழுதறத நிறுத்தச் சொல்லிடுங்க. ஆங்குலர்ல மட்டும் இருக்கற ரூல் என்னென்ன, எந்த தள்ளுபடிய பிரவுசர்லயே கணக்கு போட்டு சர்வருக்கு அனுப்பறான், எந்த பட்டன யாருக்கு மறைக்கிறான், ரவுண்டிங் எங்க நடக்குது, இதெல்லாம் ஒவ்வொரு ஸ்கிரீனா உக்காந்து அவன் வாயால கேட்டு எழுதி வாங்கிக்கங்க. பில்லிங் ஸ்கிரீன்ல இருந்து ஆரம்பிங்க.